பூமிக்கு என்ன வடிவம்? "பூமி வடிவம்" தான்!

பூமியின் வடிவம் என்ன?

"உருண்டை" என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். "ஆரஞ்சுப் பழம் போல, மேலும் கீழும் சற்றுத் தட்டை" என்று உயர்நிலைப்பள்ளி மாணவன் அதைத் திருத்துவான்.

விஞ்ஞானியைக் கேட்டால், "ஜியாய்டு" என்பார்.

அது என்ன ஜியாய்டு? கிரேக்க மொழியிலிருந்து பிறந்த சொல் அது. முன்பாதிக்குப் பூமி என்று பொருள். பின்பாதிக்கு "வடிவம் உடையது" என்று பொருள். சேர்த்துச் சொன்னால், "பூமி வடிவம்"!

பூமிக்கு என்ன வடிவம் என்று கேட்டால், பூமி வடிவம் என்று பதில்! வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் வேறு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. அதனால்தான் இந்தப் பெயர் வந்தது.

மெதுவாக ஓடிய கடிகாரம்

1672-ம் ஆண்டு. ரிஷே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தென் அமெரிக்காவில் உள்ள கயேன் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். பாரீஸ் நகரில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், அங்கே தினமும் இரண்டரை நிமிடம் பின்தங்கியது.

கடிகாரத்தில் கோளாறு இல்லை. பூமி இழுக்கும் விசைதான் அங்கே சற்றுக் குறைவு.

இங்கிலாந்து மேதை நியூட்டன் இதற்குக் காரணம் சொன்னார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் அதன் நடுப்பகுதி புடைத்திருக்கிறது என்றார். பிரான்சில் சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1735, 1736-ம் ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் புறப்பட்டன. ஒன்று பூமத்திய ரேகைப் பக்கம் போயிற்று. மற்றொன்று வட துருவப் பக்கம் போயிற்று. இரண்டும் நிலத்தை அளந்தன. நியூட்டன் சொன்னதே உண்மை என்று தெரிந்தது.

பூமியின் நடுக் குறுக்களவு, துருவக் குறுக்களவைவிடச் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம்.

சாயும் தூக்குக்குண்டு

அதோடு விஷயம் முடியவில்லை.

வீடு கட்டும் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கிறார். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். இரண்டும் பூமியின் இழுப்பை நம்பியே வேலை செய்கின்றன.

அந்த இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பூமிக்குள் ஓர் இடத்தில் கனமான பாறை இருக்கிறது. இன்னோர் இடத்தில் லேசான பாறை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவை அளந்தவர்கள் இதை நேரில் கண்டார்கள். இமயமலைக்குப் பக்கத்தில், தூக்குக்குண்டு மலைப் பக்கமாக மிகச் சிறிது சாய்ந்தது!

இப்போது ஒன்று நினைத்துப் பாருங்கள். காற்று இல்லை, அலை இல்லை, ஏற்ற வற்றம் இல்லை. கடல் அசையாமல் நிற்கிறது. நிலத்துக்கு அடியிலும் வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை உலகம் முழுவதும் பரப்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் எந்த வடிவத்தில் நிற்குமோ, அதுதான் ஜியாய்டு.

1873-ல் இந்தப் பெயரைச் சூட்டியவர் லிஸ்டிங் என்ற ஜெர்மன் பேராசிரியர்.

கடலில் ஒரு பள்ளம்

ஜியாய்டில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. உலகிலேயே பெரிய பள்ளம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது!

கப்பல் அதில் சறுக்கி விழுந்துவிடுமா? விழாது. பள்ளம் பல லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதில் போகும் மாலுமிக்கு எல்லாம் சமமாகவே தெரியும். அவருடைய ரசமட்டமும் சமம் என்றுதான் காட்டும்.

அந்த இடத்தில் இழுப்பு குறைவு. அதனால் தண்ணீர் இழுப்பு மிகுந்த பக்கம் போய்ச் சேர்கிறது. பூமிக்குள் வெகு ஆழத்தில் சூடான, லேசான பொருள் மேலெழுந்து நிற்பதே இதற்குக் காரணம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் விளக்கம் தந்தார்கள்.

பூமியை ஒன்றேகால் மீட்டர் அகலமுள்ள பந்தாகச் செய்தால், இந்தப் பள்ளம் எவ்வளவு இருக்கும்? ஒரு தலைமயிரின் கனம்கூட இராது. படங்களில் பூமியை உருளைக்கிழங்கு போல வரைவதெல்லாம், கண்ணுக்குத் தெரிவதற்காகப் பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

நமக்கு என்ன பயன்?

ஜி.பி.எஸ். கருவி செயற்கைக்கோளை வைத்து உயரம் அளக்கிறது. கணக்குக்காக வைத்திருக்கும் வழுவழுப்பான உருண்டையிலிருந்துதான் அது முதலில் அளக்கும். அதை அப்படியே நம்பினால், சென்னைக் கடற்கரையில் நிற்பவர் கடலுக்குக் கீழே 80 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருப்பதாக ஆகும்! ஜியாய்டுக் கணக்கைச் சேர்த்தால்தான் சரியான உயரம் கிடைக்கும்.

தண்ணீர் ஓடுவதும் ஜியாய்டை அனுசரித்துத்தான். வாய்க்கால் வெட்டுகிறவரும், வெள்ளம் எங்கே ஏறும் என்று கணக்கிடுகிறவரும் அதை மறந்தால், தண்ணீர் வராத இடத்துக்கு வாய்க்கால் போகும். வெள்ளம் வரும் இடத்தில் வீடு எழும்பும்.

மட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாலமே சாட்சி. ரைன் நதியின் ஒரு கரை ஜெர்மனி, மறுகரை சுவிட்சர்லாந்து. லாஃபன்புர்க் என்ற இடத்தில் இரு நாடுகளும் சேர்ந்து பாலம் கட்டின. ஜெர்மனியின் "கடல் மட்டம்" வட கடலை வைத்து எடுத்தது. சுவிட்சர்லாந்தின் "கடல் மட்டம்" மத்தியதரைக் கடலை வைத்து எடுத்தது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். அது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள்! வித்தியாசம் இரட்டித்து 54 சென்டிமீட்டர் ஆயிற்று. 2003-ல், கட்டுமானம் நடக்கும்போதே இது கண்டுபிடிக்கப்பட்டது. வேலையைத் திருத்திய பிறகே பாலம் இணைந்தது.

அதனால்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே மட்டம் வேண்டும் என்கிறார்கள். அதற்கு அடிப்படை ஜியாய்டு.

மலையையும் பள்ளத்தாக்கையும் ஜியாய்டு என்று சொல்லக்கூடாது. அவை நிலத்தின் தோற்றம். அசையாத தண்ணீர் காட்டும் மட்டத்துக்கே அந்தப் பெயர். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நிற்கும்போது, அது காட்டுவதும் அந்த மட்டத்தைத்தான்.