ஆய்வுக் கட்டுரையில் சொல்பவர் எங்கே நிற்கிறார்?

ஓர் ஆய்வின் முடிவை எழுதும்போது நாம் இரண்டு செய்திகளைச் சேர்த்தே கூறுகிறோம். ஒன்று, கண்டறிந்தது என்ன என்பது. மற்றொன்று, அதை எவ்வளவு உறுதியோடு கூறுகிறோம் என்பது. இந்த இரண்டாவதை 'நிலைப்பாடு' எனலாம். ஆங்கிலத்தில் இடுபணியும் ஆய்வேடும் எழுதும் நம் மாணவர்கள் பலர் முதலாவதற்குத் தரும் கவனத்தை இதற்குத் தருவதில்லை என்றே எண்ணுகிறேன்.

மொழியியலறிஞர் கென் ஹைலண்ட் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் நிலைப்பாட்டை நான்கு கூறுகளாகப் பிரித்தார். 'மைட்', 'பெர்ஹாப்ஸ்' போன்ற தணிப்புச் சொற்கள். 'கிளியர்லி', 'டெஃபினிட்லி' போன்ற அழுத்தச் சொற்கள். வியப்பு, உடன்பாடு முதலியவற்றைக் காட்டும் மனப்பாங்குச் சொற்கள். 'ஐ', 'வீ' என எழுதுபவர் தம்மையே சுட்டும் சொற்கள். எட்டுத் துறைகளைச் சேர்ந்த 240 ஆய்வுக் கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். இந்நான்கில் தணிப்புச் சொற்களே மிகுதியாக இருந்தன.

இது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், 1953-இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 'நேச்சர்' இதழில் அறிவித்த வாட்சனும் கிரிக்கும்கூட 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று முழங்கவில்லை. ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்ற அளவிலேயே தொடங்கினர். தணித்துச் சொல்வது தயக்கமன்று; சான்று எவ்வளவோ அவ்வளவே பேசும் நேர்மை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் எப்படி எழுதுகின்றனர்? ஹைலண்டும் ஜான் மில்டனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, ஹாங்காங்கின் கண்டனீஸ் மாணவர்களையும் அவர்களை ஒத்த வயதுடைய பிரிட்டிஷ் மாணவர்களையும் ஒப்பிட்டது. இரு தரப்பும் எழுதியவை மொத்தம் ஒரு மில்லியன் சொற்கள். ஹாங்காங் மாணவர்கள் ஒரு சில சொற்களையே திரும்பத் திரும்பக் கையாண்டனர். கருத்துகளைக் கூடுதல் உறுதியோடு கூறினர். 2002-இல் ஹைலண்ட் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஹாங்காங் இளங்கலை மாணவர்களின் 64 ஆய்வறிக்கைகளை இதழ்க் கட்டுரைகளோடு ஒப்பிட்டது. 'நான்', 'நாங்கள்' எனச் சுட்டுவது தேர்ந்த ஆய்வாளரிடம் ஏறக்குறைய நான்கு மடங்கு மிகுந்திருந்தது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் புலப்படுகிறது. மாணவர் கருத்தை உரக்கச் சொல்கிறார், சொல்பவரை மறைத்துவிடுகிறார். தேர்ந்த ஆய்வாளரோ கருத்தை அளந்து சொல்கிறார். அதற்குத் தாமே பொறுப்பேற்கிறார். எனவே, இதைத் தாய்மொழி தந்த வரமாக மட்டும் கருத இயலாது. ஆங்கிலேய மாணவரும் ஆய்வுநடையைப் பயின்றுதான் பெற வேண்டும்.

தமிழருக்கு இது புதியதுமன்று. 'இதுவே காரணம்' என்பதில் தேற்ற ஏகாரம். 'இதுவோ காரணம்' என்பதில் ஐய ஓகாரம். 'காரணமாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டது. 'காரணமாகலாம்' என்றால் வாய்ப்பு மட்டுமே. தமிழில் ஓர் எழுத்தோ ஒரு விகுதியோ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனிச்சொல் செய்கிறது. ஆங்கிலத்திற்கு மாறும்போது அந்தச் சிறு உறுப்பு வழியில் உதிர்ந்துவிடுகிறதோ என்பது என் ஐயம்.

உதிர்ந்தால் இழப்பு சிறிதன்று. 30 மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்த ஒருவர், 'இந்திய இளையோர் தமிழ் நாளிதழ் படிப்பதில்லை என இவ்வாய்வு நிரூபிக்கிறது' என்று எழுதினால், படிப்பவர் அந்த ஒரு வரியை மட்டும் ஐயுறுவதில்லை. முழு ஆய்வையுமே ஐயுறுவார். உண்மையாக உழைத்துத் திரட்டிய தரவும் அதனோடு மதிப்பிழக்கும். 'நான் வினவிய 30 பேரில் பெரும்பாலோர் படிப்பதில்லை; இத்தகைய போக்கு நிலவக்கூடும்' என்றால் அதே தரவு உறுதியாக நிற்கும். ஆங்கிலத்தில் 'புரூவ்ஸ்' என்பதற்குப் பதில் 'சஜஸ்ட்ஸ்' என்ற ஒரு சொல்லே போதும்.

ஆகவே, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு முடிவிடமும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதற்கு என் சான்று எவ்வளவு? என் சொல் அச்சான்றை மிஞ்சுகிறதா? இது பிறர் கருத்தா, என் கருத்தா? என் கருத்தாயின், 'நான் கருதுகிறேன்' என எழுதத் தயங்க வேண்டியதில்லை. துறையின் மரபும் விரிவுரையாளரின் அறிவுறுத்தலும் இடந்தருமாயின், அந்த 'நான்' ஆணவமன்று; பொறுப்பேற்பு.