ரவுட்டர் பிடிக்கும் கையும் சட்டம் தரும் காப்பும்

வாடை மழை ஓய்ந்து உல்லாசப் பயணிகள் வரத் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடாவிமாருக்கு ஓய்வே கிடையாது. மழைக்கு ஊதிப்போன கதவைச் சீவ வேண்டும், உப்புக்காற்றில் துருவேறிய பிணைச்சலைக் கழற்றிப் புதிது பதிக்க வேண்டும், விடுதி அறைக்குப் புது மேசை, அலுமாரி செய்ய வேண்டும். உளியும் சுத்தியலும் செய்த இந்த வேலைகளில் பாதியை இப்போது சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் ரவுட்டரும், அதைவிடச் சிறிய ட்ரிம்மரும் செய்கின்றன. வேலை வேகமாக முடிகிறது. விரலும் அதே வேகத்தில் போகிறது.

விரல் போனவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "என்ட கவனயீனம்தான்" என்பார். முதலாளியும் அதையே சொல்வார். மருந்துச் செலவுக்குக் கொஞ்சப் பணம் கொடுத்து விடயம் முடிந்துவிடும். இலங்கைச் சட்டம் அப்படி முடிக்கச் சொல்லவில்லை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டதா என்பதுதான் அங்கே முதற்கேள்வி. கவனயீனம் என்ற ஒரு சொல்லால் நட்டஈட்டு உரிமை அற்றுப்போகாது. ஓடாவிமார் வீடுகள் ஒவ்வொன்றிலும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆனாலும் நட்டஈடு விரலைத் திருப்பித் தராது என்பதால் இயந்திரத்தைப் பற்றி முதலில் பேசுவோம்.

பல ட்ரிம்மர்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழலும். பெரிய ரவுட்டர்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 50 மி.மீ. அகலமான பிட்டை 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 225 கி.மீ. வேகத்தில் பாயும். பிட் பெரிதானால் சுற்றைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க வழியில்லாத ட்ரிம்மரில் பெரிய பிட்டைப் போடவே கூடாது.

அதிகம் பேர் கவனிக்காத ஆபத்து பிட்டின் தண்டைப் பிடிக்கும் கொலெட்டில் இருக்கிறது. சந்தையில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் இருக்கிறது, கால் அங்குலத் தண்டுள்ள பிட்டும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குலக் கொலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு இறுக்கினால் பிடித்ததுபோலத்தான் தெரியும். மரத்தில் பாரம் ஏறியதும் வழுகி வெளியே வரத் தொடங்கும். நான்கு மி.மீ. பள்ளம் ஏழு மி.மீ. ஆகி வேலை பழுதாகும், அல்லது பிட்டே பறக்கும். தண்டை அடிவரை செருகி, இரண்டு மி.மீ. மேலே இழுத்து, பிறகு இறுக்குங்கள். கொலெட்டின் வாயருகே தண்டில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வெட்டு முடிந்ததும் கோடு நகர்ந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். பிட் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

அடுத்தது தள்ளும் திசை. பிட் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. பலகையின் விளிம்பு உங்களைப் பார்த்திருந்தால் ரவுட்டரை இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி வரும்போது இடஞ்சுழி, உள்ளே வெட்டிய துளையின் விளிம்பில் வலஞ்சுழி. மாறித் தள்ளினால் பிட் மரத்தில் பல்லைப் பதித்துத் தானே ஓடும், இயந்திரம் கையை இழுத்துக்கொண்டு போகும். பலகையை ஒரு கையால் அமுக்கி மறு கையால் ட்ரிம்மரை ஓட்டுபவருக்கு அந்த நொடியில் அமுக்கிய கை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கிளாம்பு போட ஒரு நிமிடம் போதும்.

ஆழத்தையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். ட்ரிம்மரில் தடவைக்கு மூன்று மி.மீ. வரை, பெரிய ரவுட்டரிலும் ஆறு மி.மீ.க்குள் நிற்பது நல்லது. பிணைச்சல் பதிக்கும்போது ஆழத்தை அளக்க அடிமட்டம் தேவையில்லை. பிட் பலகையைத் தொடும் இடத்தில் பூச்சியமாக வைத்து, ஆழத் தடைக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் பிணைச்சலின் தகட்டையே செருகி இறுக்கினால் பள்ளம் தகட்டின் கனத்துக்குச் சரியாக வரும். மூலையின் வளைவை உளியால் எடுங்கள். நேர்கோட்டுக்குச் சட்டம் கட்டி ஓட்டும்போது ரவுட்டரின் வட்ட அடித்தட்டில் ஒரே பக்கம்தான் சட்டத்தைத் தொட வேண்டும். தட்டின் நடுவில் பிட் அச்சொட்டாக இல்லாத இயந்திரங்களே அதிகம், கையைத் திருப்பினால் கோடும் திரும்பும். நல்ல பலகையில் கை வைக்குமுன் அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஒருமுறை வெட்டிப் பாருங்கள்.

மின்சாரமும் ஆளைக் கொல்லும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் நின்றபோது பூட்டிய சுவிட்சை விடுவிக்காமல் மேசையில் வைத்த ரவுட்டர், மின்சாரம் வந்ததும் தானாக ஓடும். கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. பிளக் இல்லாத வயரைச் சொக்கெற்றுக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். வீட்டிலும் பட்டறையிலும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

சாரம் கட்டிக்கொண்டு ரவுட்டர் பிடிக்க வேண்டாம். காற்சட்டை போடுங்கள். கையில் கட்டிய கோயில் நூல், மோதிரம், தொளதொளத்த கையுறை எதுவும் சுழலும் பிட்டுக்கு அருகே வரக்கூடாது. கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

தூசியின் கேடு உடனே தெரிவதில்லை, அதனால்தான் அதைப் பற்றிப் பேசுவார் குறைவு. நம் பக்கத்து முதிரை மரத்தின் தூள் பலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற தளபாட நகரத்தில் மரவேலை செய்தவர்களுக்கு அரிதான மூக்குப் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1960களில் மருத்துவர்கள் கண்டார்கள். அதை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது, மூக்கு, தொண்டை நிபுணர். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வாயில் கட்டிய கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. தூசிக்கென்று செய்த முகக்கவசம் வேண்டும், முடிந்தால் இயந்திரத்தில் உறிஞ்சியும் பூட்ட வேண்டும். இவற்றை வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு.

எல்லாம் மீறி விரல் துண்டானால் சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். கரையோர ஊரில் மீன் ஐசுக்குப் பஞ்சமில்லை. அந்த அவசரத்தில் விரலை நேரடியாக ஐசுக்குள் புதைத்தால் தசை கெட்டு, பொருத்தும் வாய்ப்பும் போய்விடும்.

வைத்தியசாலையில் டொக்டரிடம் "வேலை செய்யும்போது மெசினில் பட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையில் அது எழுதப்பட வேண்டும். முதலாளிக்குப் பயந்து "வீட்டில் விழுந்தேன்" என்று சொன்னால் பிறகு அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற்போனால் முதலாளி நட்டஈடு தர வேண்டும். நாட்கூலியாக இருந்தாலும், நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும் பட்டறைத் தொழிலாளிக்கு இது பொருந்தும். 2022இல் வந்த திருத்தம் உச்ச நட்டஈட்டை ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் கடிதம் செல்லாது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது போன்றவற்றை முதலாளி எதிர்வாதமாகக் காட்டலாம். எனவே மூடியைக் கழற்றச் சொன்னவர் முதலாளியே என்றால், அதைப் பார்த்தவர்களின் பெயரை அன்றே எழுதி வையுங்கள். சம்பளம் குறித்த கொப்பி, தொலைபேசியில் வந்த செய்திகள், இயந்திரத்தின் படம் எல்லாம் சாட்சிதான்.

பட்டறை நடத்துபவர்களுக்கும் ஒன்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மட்டுமானதல்ல. மூன்று நாளுக்கு மேல் ஒருவரை முடக்கும் விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். பள்ளியை விட்ட தம்பியைக் கையாளாகச் சேர்ப்பதும் யோசிக்க வேண்டியது: 2021 முதல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 16, ஆபத்தான வேலைக்கு 18.

நட்டஈட்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. சொந்த வீட்டுக் கதவைச் சரிசெய்ய ஒருவர் இரண்டு நாளுக்குக் கூப்பிடும் ஓடாவி பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார், ஏனென்றால் அது வீட்டுக்காரரின் தொழில் அல்ல. தனியாக ஓடி ஓடி வேலை செய்பவர்கள் விபத்துக் காப்புறுதி ஒன்றை எடுத்து வைப்பதே வழி. ஒப்பந்தகாரருக்குக் கீழ் விடுதி வேலைக்குப் போகிறவர்கள், தங்களைக் கூட்டிவந்த சின்ன ஒப்பந்தகாரர் கையை விரித்தாலும், அவருக்கு வேலையைக் கொடுத்த பெரிய ஒப்பந்தகாரரிடம் கேட்கலாம்.

கருவி வாங்கும்போதும் சட்டம் துணை நிற்கும்: போலிப் பெயர் ஒட்டிய இயந்திரத்தையோ பிட்டையோ வாங்கி ஏமாந்தால் பற்றுச்சீட்டோடு மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். அவர்களின் இலக்கம் 1977. பற்றுச்சீட்டுத் தராத கடையில் பிட் வாங்காதீர்கள்.