உங்கள் பாட்டனாரின் பாட்டனார் எங்கே இருக்கிறார், தெரியுமா?

பண்ருட்டியில் யாரை நிறுத்தி எந்தத் தோப்புப் பலா இனிக்கும் என்று கேட்டாலும் பதில் வரும். தாத்தாவுக்குத் தாத்தா பெயர்? பாதிப் பேர் விழிப்பார்கள். அந்தப் பெயர் உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம், தெரியுமா?

பழைய கிரயப் பத்திரத்தைப் பிரியுங்கள். எழுதிக் கொடுத்தவர், அவர் தகப்பனார், ஊர். எழுதி வாங்கியவருக்கும் அப்படியே. சொத்து ‘பிதுரார்ஜிதம்’ (முன்னோர் வழி வந்தது) என்றிருந்தால் இன்னொரு தலைமுறையும் பிடிபடும். கீழே சொத்து விவரம்: இன்னார் தோப்புக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு... அந்தக் காலத்து அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள்! பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தாலோ அதிர்ஷ்டம்தான். பங்கு பிரித்த அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே தாளில்! பத்திரம் தொலைந்தாலும் கவலை வேண்டாம். எண்ணும் வருஷமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு போடலாம்.

இப்படி நான்கு எல்லை சொல்லி நிலம் எழுதுவது சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உண்டு, தெரியுமா? பக்கத்துத் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களைப் பாருங்கள். பல்லவரும் சோழரும் கல்லில் எழுதி வைத்த ஆவணக்காப்பகம் அது!

பழைய காகிதங்களில் பண்ருட்டியைத் தேடுவோர் ‘தென்னாற்காடு ஜில்லா, கடலூர் தாலுகா’ என்று தேட வேண்டும். கடலூர் மாவட்டம் என்ற பெயரே 1990-களில் வந்ததுதான். சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் 1670-களிலிருந்து கிழக்கிந்தியக் கும்பெனிக் காகிதங்கள் இருக்கின்றன. 1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை ஊர்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். அவைதாம் ‘குண்டு கிராமங்கள்’. அவற்றில் ஒன்று உங்கள் பூர்வீக ஊராகக்கூட இருக்கலாம்!

சரி, கையளவு நிலமும் இல்லாதவர்கள்? பத்திரங்களில் அவர்கள் இல்லை. இது பெரிய அநியாயம். ஆனால், 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய ஒன்றரை லட்சம் பேருக்கும் பதிவேடு உண்டு, தெரியுமா? பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருந்த தழும்புவரை எழுதியிருக்கிறார்கள்! ஆற்காட்டுச் சீமைக்காரர்கள் அதில் ஏராளம். எழுதியவர்களுக்கு அது ஆள் கணக்கு. இன்று டர்பனில் அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அந்தக் கிராமத்தின் பெயரை வைத்துக்கொண்டுதான் சொந்தங்களைத் தேடி இங்கே வருகிறார்கள்.

நீங்கள் முதலில் போகவேண்டியது எழும்பூருக்கு அல்ல, வீட்டுப் பெரியவரிடம். தகப்பனார் பெயர், பூர்வீக ஊர், குடும்பப் பட்டப்பெயர் மூன்றையும் கேட்டு இன்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பதிவேட்டில் பத்து கோவிந்தசாமி இருப்பார்கள். உங்கள் கோவிந்தசாமி யாரென்று அந்தப் பெரியவர் ஒருவருக்குத்தான் தெரியும்.