ஜீரண உறுப்புக்களின் ஒத்துழைப்பு

நாம் உண்ணும் சோறும் பருப்பும் நெய்யும் உண்டவுடனே உடம்பிற் சேர்ந்துவிடுவதில்லை. அவற்றின் மூலக்கூறுகள் குடற்சுவரைக் கடந்து உட்புக இயலாத அளவு பெரியன. அவற்றைச் சிறு கூறுகளாகப் பகுத்தலே ஜீரணம் எனப்படும். அங்ஙனம் பகுப்பவை என்ஸைம்கள் என்னும் நொதிப்பொருள்கள். ஒவ்வோர் என்ஸைமும் தனக்குரிய பொருளையே பகுக்கும். தனக்கேற்ற சூழலிலன்றித் தொழில் புரியாது. அச்சூழலை அமைத்துத் தருதல் உறுப்புக்களின் கடமையாகும்.

சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவதை யாவரும் அறிவோம். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ், மாப்பொருளை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக்குவதே அதன் காரணம். கவளம் இரைப்பையின் அமிலத்துடன் கலந்ததும் இவ்வேலை நின்றுவிடும். ஆயின் அமிலேஸை முடக்கும் அவ்வமிலமே, பெப்ஸின் என்னும் மற்றொன்றை எழுப்பிப் பருப்பின் புரதத்தைச் சிதைக்கச் செய்கின்றது.

அடுத்தது சிறுகுடல். அமிலம் அங்கும் நீடிப்பின் குடல் புண்படும். அங்குள்ள என்ஸைம்களும் செயலற்றுப்போம். ஆதலின் கணையம் காரநீரைச் சுரந்து அமிலத்தைச் சமன்செய்கின்றது. அமிலம் வந்த செய்தியைக் கணையத்திற்கு உரைப்பது யாது? நரம்புகளே என அறிஞர் பலர் கருதியிருந்தனர். 1902-ஆம் ஆண்டில் லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜைச் சார்ந்த பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், ஒரு நாயின் சிறுகுடலிற் சிறு பகுதிக்குரிய நரம்புகளை அறுத்துவிட்டு அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். அப்போதும் கணையம் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலம் சேர்த்து அரைத்து வடித்த நீரை இரத்தக் குழாயில் ஏற்றினர், மறுபடியும் சுரந்தது. எனவே, இரத்தத்தின் வழியே தூது செல்லும் பொருள் ஒன்று உண்டென்பது புலனாயிற்று. அதற்கு ஸெக்ரிட்டின் எனப் பெயரிட்டனர். இத்தகைய தூதுப்பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905-இல் வழங்கியவரும் ஸ்டார்லிங்கே.

கல்லீரலில் ஊறும் பித்தநீரில் ஜீரணத்திற்குரிய என்ஸைம் இல்லை. எனினும் அது நெய்யை நுண்துளிகளாகச் சிதறச் செய்தாலன்றிக் கணையத்தின் லைப்பேஸ் அதனைச் செவ்வனே பகுக்கவியலாது. பித்தக்குழாயைக் கல் அடைத்துக்கொள்ளின், உண்ட கொழுப்பில் ஒரு பகுதி மலத்தோடு வீணே கழியும்.

இவ்வொழுங்கு பிறழின் நேரும் பெருங்கேடு ஒன்றுண்டு. புரதத்தைப் பகுக்கும் டிரிப்ஸின் கணையத்தில் உறங்கும் நிலையிலேயே உண்டாகின்றது. குடலை அடைந்தபின், குடற்சுவரின் என்ட்ரோகைனேஸ் தீண்டியே விழித்தெழுகின்றது. அது கணையத்தினுள்ளேயே விழித்துக்கொள்ளின், தன்னை ஈன்ற உறுப்பையே அரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்னும் இந்நோய் சிலவேளை உயிரையும் மாய்க்கும். ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், உரிய இடத்தில் உரிய காலத்தில் வெளிப்பட்டாலன்றி நன்மை பயவாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இத்துணைத் தொழில்களுள் நம் விருப்பத்திற்கு விடப்பட்டது பெரும்பாலும் வாயில் நிகழும் பகுதியே. எஞ்சியவை நம்மைக் கேளாமலே நடைபெறுகின்றன. வகுப்பு மணிக்கு அஞ்சிக் கவளத்தை மெல்லாது விழுங்கி ஓடும் மாணவ நண்பர்கள், தம் பங்காகிய அச்சிறு வேலையையேனும் செவ்வனே முடித்து அனுப்புவார்களாக.