உழுதவர் ஒருவர், பத்திரம் வேறொருவருக்கு

தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சொல்வதுண்டு. அண்ணன் தம்பிகள் மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்களாம். அதற்கு முன்பே அங்கே வேடர்கள் இருந்தார்களாம். இதை வைத்து, ‘அப்படியானால் நீங்களும் வந்தவர்கள்தானே’ என்று யாரும் மடக்கிவிட முடியாது. கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, சாமையும் தினையும் விதைத்த தலைமுறைகளின் உழைப்பில் இருக்கிறது அவர்களுடைய உரிமை. பாலஸ்தீனத்தின் யூதர்–அரபியர் நிலப் பகையைப் பேசும்போதும் நாம் மூவாயிரம் ஆண்டுக் கதைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பகை மண்ணில் வேர்பிடித்தது மிக அண்மையில், பத்திரத்தின் வழியாக.

1858இல், பாலஸ்தீனத்தை அன்று ஆண்ட உதுமானிய அரசு நிலப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. வரிக்கும், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதற்கும் அஞ்சிய குடியானவர்கள் பலர், நிலம் செல்வந்தர் பெயரில் பதிவாக விட்டுவிட்டார்கள். அங்குள்ள மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பகுதி பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பத்திடம் சேர்ந்தது. 1920களில் அவர்கள் அதை யூத நில அமைப்புகளுக்கு விற்றபோது, உழுதுகொண்டிருந்த குத்தகைக்காரர்கள் வெளியேற நேர்ந்தது. விலை கொடுத்துச் சட்டப்படி வாங்கியதுதானே என்பார்கள். உண்மைதான், வந்த யூதர்களில் பலர் ரஷ்யாவில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர்கள் என்பதும் உண்மை. ஆனால் விற்றவர் உழுதவர் அல்ல. 1947 வரை யூதர் வாங்கியிருந்தது ஏறக்குறைய ஏழு சதவீத நிலம்தான், அதற்கா இவ்வளவு பகை என்றும் கேட்கலாம். 1917இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் யூதர் தாயகத்துக்குப் பிரிட்டன் ஆதரவை அறிவித்த பிறகு, ஒவ்வொரு விற்பனையும் நாடே கைமாறுவதாகத் தோன்றியது. 1929 கலவரத்தை விசாரித்த ஷா ஆணையமும் அரபியரின் அந்த அச்சத்தைக் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. 1948 போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரிழந்தபோது, அச்சம் நிஜமாயிற்று.

கொல்லிமலையில் படையும் இல்லை, புதிய தேசத் திட்டமும் இல்லை. இந்த வேற்றுமை பெரியது. அதை மறைத்து ஒப்பிடுவது இரு மக்களுக்கும் அநியாயம். நிலம் நழுவும் விதம் மட்டும் பழகியதுதான். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ கடன். அதற்காக, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியோடு காடு போகியத்துக்குப் போகும். தவணை தவறினால் போகியம் கிரயமாகும். பழங்குடியினர் நிலத்துக்குத் தனிக் காப்புத் தரும் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. மலைமக்கள் நிலத்தைக் காக்க 1917இல் சென்னை மாகாணம் போட்ட சட்டம் வடக்கே ஏஜென்சி மலைகளோடு நின்றது, கொல்லிமலைக்கு வரவில்லை.

தன் நிலத்தை விற்க மலையாளிக்கு உரிமையில்லையா? உண்டு. ஆனால் கடன் நெருக்கும்போது விற்பது விருப்பத்தில் சேராது. அவருக்குத் தேவை நியாய வட்டியில் கடன், கூடவே நிலம் பழங்குடியினரிடமே கைமாற வேண்டும் என்ற சட்டம். ஐந்தாவது அட்டவணை இல்லாமல் அது முடியாது என்பதும் சரியல்ல. அட்டவணைப் பகுதியே இல்லாத கேரளம் 1975இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. விதிமுறைகளை 1986 வரை எழுதாமல் விட்டதுதான் அங்கே நடந்த துரோகம். தமிழ்நாடு சட்டத்தையும் விதிகளையும் ஒரே கையோடு கொண்டுவர வேண்டும்.