மூச்சுக்குழலுக்கும் ஓர் அளவுகோல்

புது தில்லி: தலைநகரின் காற்றில் எவ்வளவு மாசு கலந்திருக்கிறது என்பதை 2015 முதல் தேசிய காற்றுத் தரக் குறியீடு நாள்தோறும் எண்ணில் சொல்லி வருகிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் மூச்சுக்குழல் எவ்வளவு எளிதில் சுருங்கக்கூடியது என்பதையும் எண்ணில் சொல்ல முடியும். அதற்கான சோதனை பல பத்தாண்டுகளாகவே வழக்கில் உள்ளது. ஆனால், நாட்டின் பெரும்பாலான ஆஸ்துமா நோயாளிகள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

சோதனையின் அடிப்படை எளிதானது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல், பிறரைச் சற்றும் பாதிக்காத சிறு தூண்டுதலுக்கும் சுருங்கிவிடும். அந்தத் தூண்டுதலை மருத்துவரின் கண்காணிப்பில், அளந்து கொடுப்பதே இச்சோதனை.

முதலில், ஆழ்ந்து இழுத்த மூச்சை வேகமாக ஊதச் சொல்லி, முதல் விநாடியில் வெளிவரும் காற்றை ஸ்பைரோமீட்டர் கருவியில் அளக்கிறார்கள். பிறகு மெத்தகோலின் என்ற மருந்தை மிகக் குறைந்த செறிவில் நெபுலைசர் வழியே சுவாசிக்கச் செய்கிறார்கள். படிக்குப் படி செறிவு இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு படியிலும் மீண்டும் ஊத வேண்டும். 3 லிட்டராக இருந்த அளவு 2.4 லிட்டராகக் குறைந்தால், அதாவது 20 சதவீதம் சரிந்தால், சோதனை நிறுத்தப்படும். உடனே சால்பியூட்டமால் கொடுத்து மூச்சுக்குழலை விரிக்கிறார்கள்.

மில்லி லிட்டருக்கு 16 மில்லி கிராம் செறிவு வரை சென்றும் சரிவு இல்லையெனில் மூச்சுக்குழல் இயல்பானது. 1 மில்லி கிராமுக்கும் குறைவான செறிவிலேயே சரிந்தால் கூருணர்வு அதிகம் என்று பொருள். மேனிடால் தூளை உறிஞ்சச் செய்யும் முறையும் உண்டு. அதில் 15 சதவீதச் சரிவே எல்லை.

ஒவ்வாமையால் மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும்கூட சரிவு தென்படலாம் என்பதால், இச்சோதனை ஆஸ்துமாவை உறுதி செய்வதைவிட, இல்லை என்று விலக்குவதற்கே அதிகம் உதவுகிறது. ஏற்கெனவே நுரையீரல் திறன் வெகுவாகக் குறைந்தவர்களுக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதைச் செய்வதில்லை.

இந்த அளவீட்டின் அவசியத்தைக் கனடாவில் நடந்த ஆய்வு உணர்த்தியது. மருத்துவர்களால் ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட 613 பேரை, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, மெத்தகோலின் சோதனைக்கும் உட்படுத்தியதில், மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்போது அந்நோய் இல்லை என்பது 2017-ல் வெளியான முடிவு.

இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. இங்கு நோய் உள்ளவர்களே கண்டறியப்படுவதில்லை. தில்லி உள்பட ஒன்பது நகரங்களில் நடத்தப்பட்டு 2022-ல் வெளியான ஆய்வில், ஆஸ்துமா அறிகுறி உள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை. 2019-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் ஆஸ்துமா நோயாளிகள் சுமார் 3.43 கோடி பேர். உலக நோயாளிகளில் இது சுமார் 13 சதவீதம். உலகின் ஆஸ்துமா மரணங்களிலோ நாட்டின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். நோயைவிட, அது கவனிக்கப்படாமல் போவதே உயிர்களைப் பறிக்கிறது என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் 1953 முதல் இயங்கும் வல்லபபாய் படேல் நெஞ்சக நிறுவனம் போன்ற உயர் மையங்களை எட்ட முடிந்தவர்களுக்கு இத்தகைய சோதனைகள் எட்டாதவை அல்ல. ஆனால், பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்பைரோமீட்டரே கிடையாது. அங்கு இருமலுக்கு மருந்து உண்டு, அளவீடு இல்லை.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் நாள்பட்ட சுவாச நோய்களும் இடம்பெற்றுள்ளன. மாவட்டம்தோறும் ஸ்பைரோமீட்டரும் அதை இயக்கப் பயிற்சி பெற்றவரும், மருத்துவக் கல்லூரிதோறும் மூச்சுக்குழல் சோதனையும் என்பது எட்ட முடியாத இலக்கு அல்ல. காற்றின் மாசை அளக்கும் அரசு, அதைச் சுவாசிக்கும் மக்களின் மூச்சையும் அளந்தாக வேண்டும்.