நியூஸிலந்தில் கேம்பர்வேன் பயணமா? முதலில் காற்றைப் பாருங்கள்

சாங்கியில் இரவு விமானம். மறுநாள் காலை கிரைஸ்ட்சர்ச். மதியத்துக்குள் கேம்பர்வேன் சாவி உங்கள் கையில். டெக்காப்போ ஏரிக்கு மூன்று மணிநேரம்தான் என்கிறது கைப்பேசி. கிளம்பிடலாமா?

கொஞ்சம் பொறுங்க.

நம்மில் பலருக்கு இந்தப் பயணம் பெரிய சவாலாகத் தோன்றுவதில்லை. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. சாலையில் கூட்டமும் குறைவு. பிறகென்ன பயம்?

காற்று. சிங்கப்பூரில் கார் ஓட்டும் யாரும் கிளம்புவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தெற்குத் தீவில் அது எரிபொருளைப் போல: பார்க்காமல் கிளம்பக்கூடாது.

எங்கிருந்து வருகிறது இந்தக் காற்று?

தெற்குத் தீவின் நீளவாக்கில் ஒரு மதில் மாதிரி நிற்கிறது தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் உச்சி ஆவ்ராக்கி எனப்படும் மவுண்ட் குக், 3,724 மீட்டர். மேற்கிலிருந்து கடலைத் தாண்டி வரும் ஈரக்காற்று இந்த மதிலில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. மில்ஃபர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிரைஸ்ட்சர்ச்சில் சுமார் 600 தான்.

ஈரத்தை இழந்த காற்று மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடாகிறது, வறள்கிறது, வேகமும் எடுக்கிறது. கேன்டர்பரி மக்கள் அதை ‘நார்வெஸ்டர்’ என்கிறார்கள். வசந்தகாலத்தில், அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, இது அடிக்கடி வரும். 2013 செப்டம்பரில் வீசிய ஒரு புயல்காற்று, வயல்களில் நிற்கும் ராட்சத நீர்ப்பாசன இயந்திரங்களை நூற்றுக்கணக்கில் குப்புறத் தள்ளியது.

இதற்கு ஓர் அடையாளமும் உண்டு. மலைகளுக்கு மேலே வானத்தில் நீண்ட வில் போல ஒரு மேகம், அதற்குக் கீழே பளிச்சென்று நீலம். படம் எடுக்க அருமையாக இருக்கும். அதைப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் காற்று வருகிறது என்று புரிந்துகொள்வார்கள். நீங்களும் படம் எடுத்த கையோடு வானிலைச் செயலியைத் திறந்துவிடுங்கள்.

வேனை என்ன செய்யும்?

நான்கு பேர் படுக்கும் கேம்பர்வேனின் பக்கவாட்டை 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 15 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒரு பாய்மரம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று அதன்மேல் நேராக அடித்தால், ஏறக்குறைய 175 கிலோ எடை பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துவதுபோல இருக்கும். காற்றின் வேகம் 100 ஆனால் 350 ஆகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 700. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும், பள்ளியில் படித்த அதே இயற்பியல்தான். தோராயக் கணக்கு இது. ஆனாலும் மூன்று டன்னுக்குச் சற்று மேல் எடையுள்ள உயரமான வண்டிக்கு 700 கிலோ தள்ளு என்பது விளையாட்டில்லை.

அதைவிட மோசம், காற்று சீராக அடிக்காதது. கேன்டர்பரிச் சமவெளியில் பண்ணைகளைக் காக்க உயரமான மரவேலிகள் வைத்திருக்கிறார்கள். வேலிக்குப் பின்னால் ஓட்டும்போது எல்லாம் அமைதி. வேலி முடியும் இடத்தில் ‘தடால்’ என்று ஒரு தள்ளு. எதிரே பெரிய லாரி வந்தாலும் அப்படித்தான். லாரி ஒரு நொடி காற்றை மறைக்கும், நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்திருந்த பக்கமே வண்டி இழுக்கும், லாரி கடந்ததும் காற்று திரும்ப அடிக்கும். பயந்துபோய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவதுதான் பெரிய ஆபத்து. இரண்டு கையாலும் பிடியுங்கள், வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள், சின்னச் சின்னதாகத் திருத்துங்கள்.

முதல் சோதனை எங்கே?

ரொம்ப தூரம் போக வேண்டாம். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து தெற்கே ஒரு மணிநேரத்துக்குள் ரக்காயா ஆற்றுப் பாலம். நீளம் 1.7 கிலோமீட்டருக்கு மேல். மலையிலிருந்து நேராக இறங்கிவரும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டியது, மறைப்பு எதுவும் கிடையாது. தெற்கே போகும்போது நார்வெஸ்டர் உங்கள் வலப்பக்கம் அடித்து, பாலத்தின் கைப்பிடிப் பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது இடப்பக்கம் அடிக்கும். அதாவது எதிர்வரும் வண்டிகள் பக்கம் தள்ளும். போகும்போது சமாளித்துவிட்டோமே என்று வரும்போது அலட்சியம் வேண்டாம்.

அதைத் தாண்டி ஜெரால்டின், ஃபேர்லி வழியாக பர்க்ஸ் கணவாய் ஏறினால் டெக்காப்போ. பிறகு புக்காக்கி ஏரி. குவீன்ஸ்டவுன் போகிறவர்களுக்கு லிண்டிஸ் கணவாய், 971 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்றைப் போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். குறைந்த கியரில் போட்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும். ஆட்டோ வண்டியிலும் அந்த வசதி உண்டு. சாவி வாங்கும்போதே எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 3A உரிமம் வைத்திருப்பவர்கள் ஆட்டோ வண்டிதான் எடுக்க முடியும், நினைவிருக்கட்டும்.

வேக வரம்பு? திறந்த சாலையில் பொதுவாக 100. மொத்த எடை வரம்பு 3,500 கிலோவைத் தாண்டும் வாகனத்துக்கு 90. அது வரம்புதான், இலக்கு இல்லை. பின்னால் நான்கைந்து கார்கள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுங்கிடத்தில் விலகி வழிவிடுங்கள். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், நீங்கள் விடுமுறையில் இருப்பவர்.

ஒருவழிப் பாலங்களும் வரும். வட்டப் பலகையில் உங்கள் பக்க அம்பு சின்னதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

கதவு, கதவு, கதவு

வேன் கவிழ்வது அரிது. கதவு போவது சர்வசாதாரணம்.

புக்காக்கி ஏரிக்கரையில் எங்களுக்கு நடந்தது இது. படுக்கையிலிருந்தே ஏரி தெரியட்டும் என்று வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தினோம். காற்று ஏரிமேல் இருந்து, அதாவது வண்டிக்குப் பின்னாலிருந்து, வந்துகொண்டிருந்தது. நண்பர் முன்கதவைத் திறந்தார். அவ்வளவுதான். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கதவு முன்னால் மடங்கியது. கீல் வளைந்து பிறகு மூடவே இல்லை. கயிறு போட்டுக் கட்டி அடுத்த ஊர்வரை ஓட்டினோம். கதவைச் சரிசெய்த செலவு மொத்தமும் எங்கள் தலையில்.

வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நின்றிருந்தால் அதே காற்று கதவை மூடத்தான் தள்ளியிருக்கும். அதனால் எங்கே நிறுத்தினாலும் மூக்கு காற்றை நோக்கி. ஒருநேரத்தில் ஒரு கதவு மட்டும். கைப்பிடியை விடாமல் திறக்க வேண்டும். கூரை ஜன்னலை மூடாமலும் வெளித்திரையைச் சுருட்டாமலும் தூங்கப் போகாதீர்கள். மரத்தடி நிழல் ஆசையும் வேண்டாம், காற்று நாளில் கிளை விழும்.

காப்புறுதி விஷயத்தில் ‘எல்லாம் கவர் ஆகும்’ என்ற ஒரு வரியை நம்ப வேண்டாம். பல ஒப்பந்தங்களில் கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் தனி. காற்றில் கதவு வளைந்தால் யார் கட்டுவது என்று நேரடியாகக் கேளுங்கள். எந்தெந்தச் சாலையில் போகக்கூடாது என்றும் கேளுங்கள். குவீன்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலையைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது. 2023-இல் சட்டம் கடுமையாகிவிட்டது. நிலையான கழிப்பறையுடன் சான்றிதழ் பெற்ற வண்டியாக இருக்க வேண்டும், அந்த வட்டாரமும் அனுமதிக்க வேண்டும். மீறினால் அபராதம். முதல்முறை போகிறவர்களுக்கு மின்வசதியுள்ள முகாம்தளம்தான் நிம்மதி.

அப்போ முதல் நாள்?

ஓட்டாதீர்கள். பத்து மணிநேர விமானம், நான்கைந்து மணிநேர நேர வேறுபாடு, அரைத்தூக்கம், பழகாத உயரமான வண்டி. இதோடு காற்றும் சேர வேண்டுமா? முதல் இரவு கிரைஸ்ட்சர்ச்சிலேயே தங்குங்கள். சூப்பர்மார்க்கெட் போங்கள், காலியான இடத்தில் வண்டியைத் திருப்பிப் பழகுங்கள், சட்டி பானையெல்லாம் கீழ் அலமாரியில் அடுக்குங்கள்.

மறுநாள் காலை இரண்டு இணையப்பக்கங்கள் போதும். மெட்சர்வீஸ் வானிலை எச்சரிக்கை, பிறகு போக்குவரத்து அமைப்பான வாக்கா கொட்டாஹியின் சாலை நிலவரம். மெட்சர்வீஸில் மஞ்சள் என்றால் கண்காணிப்பு, ஆரஞ்சு என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் அதிலும் கடுமை. உங்கள் வழியில் காற்றுக்கு ஆரஞ்சு இருந்தால் கேம்பர்வேன் நகரக்கூடாது என்பது என் கருத்து. மஞ்சள் என்றால் விடிந்ததும் கிளம்பி, காற்று எழுமுன் போய்ச் சேரப் பாருங்கள்.

இதற்காகத்தான் திட்டத்தில் ஒரு நாள் காலியாக இருக்க வேண்டும். எட்டு நாளில் எட்டு ஊர் என்று முன்பதிவு செய்தவர்தான் ‘பரவாயில்லை, போயிடலாம்’ என்று காற்றில் கிளம்புவார். பாதி வழியில் காற்று பிடித்துக்கொண்டால் ஃபேர்லியில் நின்றுவிடுங்கள். கணவாய்க்கு முன்னால் இருக்கும் சிற்றூர் அது. சூடாகப் பை கிடைக்கும். வண்டியை நிறுத்தும்போது மூக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.